சாக்கில் விழுந்தவை

ஏப்ரல் 4

சாயன் போய்விட்டான். காலையில் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "அக்கா, நான் திராட் பக்கம் போறேன். பெரிய தோட்டம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க." சொல்லிவிட்டுக் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான்.

எங்கள் டுரியான் முள்பழத் தோட்டத்தில் பழம் பிடிப்பவன் அவன்தான். என் புருஷன் தவோன் மரமேறிக் காம்பை வெட்டி விடுவார், கீழே சாயன் கோணிச்சாக்கை விரித்துப் பிடிப்பான். தரையைத் தொட்ட பழத்தைச் சீனாவுக்கு அனுப்பும் கொட்டகையில் எடுக்க மாட்டார்கள். பிடிப்பவன் இல்லையென்றால் பருவம் முழுவதும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"சாயன் போயிட்டான்" என்று நாயிடம் சொன்னேன். "கேட்டுச்சு" என்று அவரும் நாயிடமே சொன்னார்.

பிப்ரவரியிலிருந்து எங்கள் வீட்டில் இப்படித்தான். எனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கள் நாய் காஃபேயிடம் சொல்வேன். அவரும் அப்படியே. பாவம் காஃபே, சோறு போடுகிற பேச்சு எது, சண்டைப் பேச்சு எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் வாலை ஆட்டுகிறது.

ஏப்ரல் 5

சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் இல்லை. நல்ல கைகளையெல்லாம் பெரிய தோட்டங்கள் போன மாதமே வளைத்துப் போட்டுவிட்டன. இரவுச் சாப்பாட்டின்போது தவோன் மீன் முள்ளை எடுத்துக் காஃபேக்குப் போட்டுக்கொண்டே, "வீட்டுலயே ஒரு ஆள் இருக்குடா. ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

என்ன கொழுப்பு! ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழம் என் பழமும்தான். அதில் பாதி மரங்கள் என் அப்பா எனக்குக் கொடுத்தவை.

மேலாளருக்குப் போன் செய்து விடுமுறை கேட்டேன். நான் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கே வண்டி இடித்துக்கொண்டாலும் போய்ப் பார்த்து, எது எதில் எப்படி மோதியது என்று எழுதுவது என் வேலை. அவர் அலறினார்: "சோங்க்ரான் பண்டிகை வருதேம்மா சீநுவான்! ஊர் மொத்தமும் ஒண்ணையொண்ணு இடிச்சுக்குமே, அந்த நேரத்துலயா லீவு?"

"எங்க வீட்டுலயும் அதே நிலைமைதான் சார்" என்றேன்.

ராயோங் கிளைக்கு மாற்றல் உறுதியாகிவிட்டதாகவும் சொன்னார். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். மார்ச்சில் நானே கேட்டு வாங்கியது. தங்கை வீடு அங்கே இருக்கிறது, ஒரு அறை காலி. பருவம் முடிந்ததும் போகிறேன். தவோனுக்குத் தெரியாது. நாயிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

முதல் நாள். முதல் பழம் மூன்று கிலோ இருக்கும். தங்கத் தலையணை என்பது அந்த ரகத்தின் பெயர். இதற்கு இந்தப் பெயரை வைத்தவர் அதை ஒருமுறைகூட நெஞ்சில் வாங்கியிருக்க மாட்டார்.

மேலிருந்து "போகுது" என்பார். நான் தயாராக இருந்தால் "வா" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வெட்டுவார். இது தொழில் வழக்கம், மாற்ற முடியாது. ஆக இரண்டு மாதத்துக்குப் பிறகு என் புருஷனிடம் நான் நேரடியாகச் சொன்ன முதல் சொல் "வா". வெட்கக்கேடு.

சாக்கை இழுத்துப் பிடித்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பழம் சாக்கில் மோதியது. தோள்பட்டை கழன்றுவிட்டது போல ஒரு இடி. சாக்கு கையிலிருந்து போய்விட்டது, பழம் தரையில். அடுத்த பழத்துக்குக் கெட்டிக்காரத்தனமாக, வருகிறதை மேல்நோக்கித் தட்டிவிட்டால் வேகம் குறையும் என்று நினைத்துச் சாக்கால் எதிர்த்து அடித்தேன். அது எம்பிக் குதித்துப் போய் வாழையில் விழுந்தது. கை முழங்கை வரை மரத்துவிட்டது.

அலுவலகத்தில் இதைத்தானே வாய் வலிக்கச் சொல்கிறேன்? மோதி நிற்பதைவிட மோதித் திரும்பினால் அடி இன்னும் பெரிது. வந்த வேகத்தையும் தடுக்க வேண்டும், போகிற வேகத்தையும் கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து வாங்குகிறது கை. என் கையெழுத்தில் எத்தனை அறிக்கைகள்! என் கைக்கு அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

மேலே கிளையில் உட்கார்ந்து அவர் அடுத்த காம்பைத் தேடினார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

ஏப்ரல் 9

தலை வார முடியவில்லை. கை தோளுக்கு மேல் போகவில்லை.

ஏப்ரல் 11

இன்று பிடிபட்டது!

பிப்ரவரியில் நடந்ததை இங்கே எழுதவே கூடாது என்றிருந்தேன். ஆனால் அதில்தான் விடை இருந்தது. சந்தையிலிருந்து பிக்கப்பில் வந்துகொண்டிருந்தேன், ஒரு நாய் குறுக்கே ஓடியது, திருப்பினேன், விகாரை மதிலில் நேராகப் போய் மோதினேன். வண்டியின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. எனக்கு உதட்டில் மட்டும் காயம். ஒரு பிக்கு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை வாயில் அழுத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தவோன் வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி நேரே வண்டியிடம் போனார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து கீழே பார்த்தார். "ரேடியேட்டரும் போச்சு" என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார், திரும்பிச் சொன்னது: "இப்பல்லாம் காகிதத்துலதான் வண்டி செய்றானுங்க. எங்கப்பா வச்சிருந்த இரும்பு வண்டியா இருந்தா ஒரு கீறல் விழுந்திருக்காது."

"வண்டிக்கு விழுந்திருக்காது. எனக்கு விழுந்திருக்கும்" என்றேன். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு காஃபேதான் எங்கள் தபால்காரர்.

ஆத்திரத்தோடு வரும் வண்டிக்காரர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் — ஐயா, ஓடின வேகம் எப்படியும் போயே தீர வேண்டும், ஒரு நொடியில் சடாரென்று போகிறதா, நின்று நிதானமாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. முன்பக்கம் நசுங்க நசுங்க நேரம் கிடைக்கிறது. நேரம் கிடைக்கக் கிடைக்க அடி குறைகிறது. வண்டி உங்களுக்காக நசுங்கியிருக்கிறது, அதைத் திட்டாதீர்கள்.

இன்று சாக்கைத் தளர்வாகப் பிடித்தேன். பழம் தொட்ட கணத்தில் நானும் அதோடு கீழே போனேன். முழங்காலை மடக்கி, சாக்கைச் சுற்றி, பக்கவாட்டில் வீசி, தரைக்கு ஒரு சாண் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். கையில் வலியே இல்லை. அதே பழம், அதே உயரம். நான்தான் நசுங்கினேன். முள் நுனி ஒன்றுகூட மழுங்கவில்லை.

மேலே பார்த்தேன். "காஃபே, பரவாயில்லையே" என்றார். காஃபே அங்கே இல்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 13

சோங்க்ரான். புத்தாண்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி ஊரே தண்ணீரில். மேலாளர் போன் செய்து, பிக்கப் பின்னால் ஆள் ஏற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன வண்டி இன்னொரு தண்ணீர் வண்டியை இடித்த கதையை அழுகிற குரலில் சொன்னார். அனுதாபப்பட்டேன். தோட்டத்தில் உட்கார்ந்து கொண்டு அனுதாபப்படுவது சுகமாக இருக்கிறது.

புருஷன் கையில் நறுமண நீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும் என்று என் மாமியார் போனிலேயே உத்தரவு போட்டார். ஊற்றினேன். அவர் ஆசியை முணுமுணுத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இதைச் செய்துமுடிக்கத் தனித் திறமை வேண்டும், அது எங்கள் இருவருக்கும் இருக்கிறது.

ஏப்ரல் 20

ஹோங் அக்கா இன்று தானே சுமை ஏற்ற வந்தாள், இதுவரை வண்டி மட்டும்தான் வந்தது. கொட்டகைக்குப் பழம் வாங்கித் தருபவள். ஆள் குட்டை, குரல் பெரிசு. ஒவ்வொரு பழமாகப் புரட்டி முள் நுனியை விரலால் தடவிப் பார்ப்பாள். மழுங்கியிருந்தால் விழுந்த பழம், தூக்கி ஓரம் வைத்துவிடுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாயன் போயிட்டான்னாங்களே, யாருடி பிடிச்சது?"

"நான்தான்க்கா."

"நீயா? பேனா பிடிக்கிற கையா இது?" என் கையைப் புரட்டிப் பார்த்தாள், பழத்தைப் புரட்டுகிற மாதிரியே. "தவோன், ஒண்ணுகூடக் கழிக்கல பாத்துக்க. பொண்டாட்டிய பத்திரமா வச்சுக்க. இல்லேன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன்."

தவோன் வழுக்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 27

நாள் முழுக்க இரண்டே சொற்கள். போகுது. வா. போகுது. வா. அதிலும் எத்தனை வகை! பெரிய பழமென்றால் 'போகுது' இழுபடுகிறது. காற்றடித்தால் சொல்லாமல் காத்திருக்கிறார். எனக்கு மூச்சு வாங்கினால் எப்படியோ தெரிந்து அடுத்ததை வெட்டாமல் கிளையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. என் இடது தோள் இன்னும் வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து கனமான பழமெல்லாம் எனக்கு வலப் பக்கமாகவே வருகிறது. அதற்காக அவர் கிளை மாறி, சுற்றி, எட்டி வெட்டுகிறார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு உதடு கிழிந்து கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காத கண்ணுக்கு, இருபது அடி உயரத்திலிருந்து தோள் வலி மட்டும் தெரிகிறதாம்! இந்த மனுஷனை என்ன செய்வது?

ராயோங் அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று தங்கை கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மே 6

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஹோங் அக்கா சுமை ஏற்ற வந்திருந்தாள். தவோன் வேலை முடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிக் கிளைக்கு வந்துவிட்டார். என் தலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஹோங் அக்கா அப்போதுதான் அந்தப் பெரிய குரலில் கேட்டாள்: "ஏண்டி சீநுவான், ஜூன்ல ராயோங் போறியாமே? உங்க ஆபீஸ் பொண்ணு சொன்னா. அப்ப அடுத்த பருவத்துக்கு யாரு பிடிப்பா?"

தவோன் திரும்பினார். கால் வழுக்கியது.

"போகுது" என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் சாக்கை விரித்தேன். ஆமாம், விரித்தேன். மேலிருந்து ஏதோ வருகிறது, கை தானாக விரித்துவிட்டது. வாய் "வா" என்றுகூடச் சொன்னது. ஒரு மாதப் பழக்கம், அதற்குப் பழம் எது, புருஷன் எது என்று வித்தியாசம் தெரியவில்லை. எழுபது கிலோ சாக்கில் விழுந்தது. நானும் அதோடு கீழே போனேன், முழங்காலை மடக்கினேன், பக்கவாட்டில் வீசினேன். வீச முடியுமா அதை? இரண்டு பேரும் உருண்டோம். பழம் குவித்திருந்த பக்கமாக உருளாமல் வைக்கோல் பக்கம் உருண்டது எங்கள் முன்னோர் புண்ணியம்.

அவர் முதுகு, தலை, இடுப்பு எல்லாம் முழுசாக இருந்தது. விழும்போது கிளை இடுக்கில் சிக்கிய கணுக்கால் மட்டும் வீங்கிவிட்டது. எனக்கு விலா முழுக்கக் கன்றிப்போச்சு.  ஹோங் அக்கா குனிந்து பார்த்தாள்.

"முள் மழுங்கல. எடை போட்டு ஏத்திக்கட்டுமா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். விலா விடவில்லை.

மே 7

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "எப்படி அடிபட்டுச்சு?" "என் மேல புருஷன் விழுந்துட்டார்" என்றேன். அவள் அதை எழுதவே இல்லை, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தவோன் காலை நீட்டி உட்கார்ந்தார். நாய் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ராயோங் போறியா?"

"ஆமா."

"சரி."

'சரி'யாம்! ஒரு நொடியில் சடாரென்று. இப்படி இரும்பு மாதிரி நிற்கிறவரிடம் நான் என்ன சொல்வது? ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?

மே 17

மூன்று மரங்களில் இன்னும் பழம் இருக்கிறது. விட்டால் தானாக விழும், விழுந்தால் வீண். அவரால் ஏற முடியாது. நான் இந்த ஊரில் பிறந்தவள், சின்ன வயதில் மரமேறியதற்காக அம்மாவிடம் அடி வாங்கியவள். ஏறுகிறேன் என்றேன்.

"நீயா?"

"ஏன், மேல நாற்காலி போட்டாத்தான் ஏறுவாங்களா?"

அவர் கயிற்றை என் இடுப்பில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி போய் நின்று சாக்கை விரித்தார். பிடிக்கத் தெரியவில்லை. விறைப்பாக நின்று வாங்குகிறார். "நசுங்குங்க! அதோட கீழ போங்க!" என்று கத்தினேன். "நசுங்குறதுக்கு ஒரு கால்தாண்டி இருக்கு!" என்று அவர் கத்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. காஃபேக்கு வேலை போய்விட்டது.

மேலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. வழுக்கைத் தலை ஒன்றுதான் தெரிகிறது. கையில் கத்தி, கத்திக்குக் கீழே முள் பழம், பழத்துக்கு நேர் கீழே அந்தத் தலை. முதல் காம்பை வெட்ட எனக்குக் கை வரவில்லை. இத்தனை நாளும் இவர் இப்படித்தான் என் தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா?

மே 19

கடைசி மரம். கடைசிக்கு முந்தின பழம், நாலு கிலோவுக்குக் குறையாது.

"போகுது."

"வா."

வெட்டினேன். கணுக்கால் மடங்கிவிட்டது போல, அவர் தடுமாறினார். பழம் சாக்கின் ஓரத்தில் பட்டு அவர் தொடையில் இறங்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பழம் என்னாச்சு?" என்று கத்தினேன்.

 காஃபே ஓடிவந்து அவரைச் சுற்றிக் குரைத்தது. அப்புறம் கீழேயிருந்து ஒரு சிரிப்பு. வலியில் பாதி, சிரிப்பில் பாதி.

"பழம் நல்லாத்தான் இருக்கு. மடியில இருக்கு. தொடைலதான் முள் ஏறிருக்கு." கொஞ்சம் மூச்சு விட்டார். "பாத்தியா? உனக்கும் வண்டிதான் முதல்ல வருது."

கிளையைக் கட்டிக்கொண்டேன்.

பொய் சொல்ல மாட்டேன். அவர் உட்கார்ந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் 'உங்களுக்கு என்னாச்சு' என்று கேட்க வாய் வரவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம். பழத்தைப் பற்றிக் கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். அதனால் பழத்தைக் கேட்டேன். கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று கேட்டேன்.

பிப்ரவரியில் ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தபோது அவர் கை எப்படி இருந்தது? நடுங்கியதா? நான் கவனிக்கவில்லை. நான் அவர் முகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், கையைப் பார்க்கவில்லை.

மரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இறங்கி வந்து அழ நேரமில்லை, மதியம் ஹோங் அக்கா வண்டி வந்துவிடும், இன்னும் ஒரு பழம் பாக்கி.

"ஏங்க, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இப்பவாச்சும் கேட்டியே" என்றார். "வலிக்குது."

மே 24

மேலாளரிடம் பேசினேன். "ராயோங் வேணாம்னா காரணம் எழுதணுமேம்மா" என்றார்.

"அடுத்த வருஷமும் பிடிக்க ஆள் கிடைக்காது சார், அதை எழுதிக்குங்க."

திரைச்சீலையை ரத்து செய்யச் சொன்னதற்குத் தங்கை ஒரு மணி நேரம் திட்டினாள். நியாயம்தான்.

மே 31

பிக்கப் தயாராகிவிட்டது. பிப்ரவரியில் கொடுத்த வண்டி! உதிரி பாகம் வரவில்லை, வரவில்லை என்று பட்டறைக்காரன் புஞ்சூ மூன்று மாதமாக இழுத்தடித்தான். காப்பீட்டு அலுவலகத்துக்காரி வண்டிக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்னைத் திட்டுவதில் தப்பே இல்லை.

பட்டறையில் வண்டி பளபளவென்று நின்றது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தவோன் நொண்டிக்கொண்டே போய் அதைச் சுற்றி வந்தார். எனக்குள் பழைய எரிச்சல் லேசாகத் தலைதூக்கியது. மறுபடியும் சுற்றுகிறாரே!

அவர் முன்பக்கத்தில் நின்று, பானெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பம்பரை முழங்காலால் தட்டினார். முகம் சுருங்கியது. புஞ்சூவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரொம்பக் கெட்டியா இருக்கிற மாதிரி தெரியுதே?"

"புதுசுண்ணே! கம்பெனிப் பொருள்!" என்றான் புஞ்சூ பெருமையாக.

"அதில்லப்பா." என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவதான் ஓட்டுவா. எதுலயாவது போய் முட்டினா, இது சுலபமா நசுங்குமில்ல?"